பதினான்கு நாட்களுக்குள்

முதலில் தமிழில்தான் எழுதினேன்.
"திருச்செல்வம் அண்ணே,
மேல்தளம் போட்டாச்சு, மூணாவது தவணை வரல,
கம்பி விலை ஏறினது உங்களுக்கே தெரியும்."
வக்கீல் அலுவலகத்துப் பெண் படித்தாள், சிரிக்கவில்லை.
இது கடிதம், என்றாள்.
அறிவிப்பு வேறு.

அவள் தட்டச்சு செய்ததில்
அண்ணன் 'வாடிக்கையாளர்' ஆனார்.
ஜெலுத்தோங்கில், மாமரத்தை வெட்ட மனமில்லாமல்
புதுச் சமையலறைச் சுவரை
ஒன்றரை அடி வளைத்துக் கட்டச்சொன்ன வீடு
'மேற்படி வளாகம்' ஆயிற்று.
வளைத்த சுவர் 'கூடுதல் வேலை', இணைப்பு ஆ.
அவர் மனைவி தினமும் பத்தரைக்குக் கொடுத்தனுப்பிய
மைலோவுக்கு
எந்த இணைப்பிலும் இடமில்லை.

பதினெட்டாயிரத்து நானூறு வெள்ளி.
பதினான்கு நாட்களுக்குள்.
தவறினால் வேலை நிறுத்தப்படும்,
தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல,
எங்கள் மற்ற உரிமைகளுக்குப் பங்கமின்றி.

கடைசி வரி எனக்குப் பழக்கம்.
போன மாதம் இரும்புக்கடை ஆ லியோங்
எனக்கு அனுப்பியதிலும் இருந்தது.
இருபது வருஷமாய்ச் சீனப் பெருநாளுக்கு
ஆரஞ்சுப் பெட்டி தருகிறவன்.
அங்கேயும் ஒரு பெண்
சிரிக்காமல் தட்டச்சு செய்திருப்பாள்.

ஒரு பிரதி பதிவுத் தபாலில்.
ஒன்று நேரில், கையெழுத்து வாங்க வேண்டுமாம்.
கேட்டுக் கம்பி வழியே நீட்டினேன்.
கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து
நின்றபடியே முழுதும் வாசித்தார்.
"தேதி தப்பு," என்றார்.
"இன்னிக்கு எட்டு."
ஏழு என்பதை எட்டாக்கி
இரண்டு பேரும் ஓரத்தில் சுருக்கொப்பமிட்டோம்.

ரஃபிகுலையும் மற்ற இருவரையும்
ஆயர் ஈத்தாம் வேலைக்கு மாற்றிவிட்டேன்.
ஆனால் தளம் போட்டு மூன்றே நாள்.
அறிவிப்புக்குப் பதினான்கு,
கான்கிரீட்டுக்கு இருபத்தெட்டு.
யார் பணம் கட்டினார் என்று பார்த்து அது இறுகுவதில்லை.
வெயில் குடித்தால் வெடிப்பு விடும்.
வெடிப்பு விட்டால் என் பெயர்.
அவர் வக்கீல் எழுதப்போகும் மொழியில், 'மேற்படி குறைபாடு'.

மறுநாள் மாலை ஆறு மணிக்குப் போனேன்.
ஏணி நான் விட்ட இடத்திலேயே.
சாக்குகள் காய்ந்து அப்பளமாய்க் கிடந்தன.
ரப்பர் குழாயை மேலே இழுத்துத் திருகினால்
ஒரு இருமல், காற்று, அவ்வளவுதான்.
உள்ளே அடைத்திருக்கிறார்.
அடைக்கிற வால்வு எங்கே என்று எனக்குத் தெரியும்,
போன வருஷம் நான் வைத்தது,
பழைய சமையலறைத் தொட்டிக்குக் கீழே, இடது கைப்பக்கம்.

கூப்பிடவில்லை.
கூப்பிட்டால் என்னவென்று கூப்பிடுவது?

கீழே விளக்கு எரிந்தது.
தொட்டியடி அலமாரிக் கதவு
(கீலைப் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன்)
கிரீச்சென்றது.
பிறகு குழாய் என் கையில் கனத்தது.

சாக்கு ஒவ்வொன்றாய் நனைத்தேன்.
மாவிலையிலும் கொஞ்சம் பட்டது.
இறங்கியபோது வாசலில் யாரும் இல்லை,
மைலோவும் இல்லை.
இன்னும் பதின்மூன்று நாள்.
நாளைக்கும் ஆறு மணிக்கு வரவேண்டும்.