முன்பணம் ஐந்நூறு

கொள்முதல் ரசீதின் பின்பக்கம்
நீ போட்ட கோடு மன்னார்குடியில் தொடங்குகிறது.
திருத்துறைப்பூண்டியில் ஒரு புள்ளி: டீ.
வேதாரண்யத்தில் ஒரு புள்ளி: பஸ் மாற.
அதற்குமேல் தாள் இல்லை.
கோடியக்கரையை என் உள்ளங்கையில் எழுதினாய்.

இரண்டு இரவு, நடுவில் ஒரு முழுப் பகல்.
ஆறு வருஷத்துக்கு இது போதுமா என்று நான் கேட்கவில்லை.
கல்யாணத்துக்கு முந்தின வாரம் கஜா அடித்தது.
நாம் சொல்லிவைத்திருந்த அறையின் ஓடுகள்
யார் வயலில் போய் விழுந்தனவோ.
தேனிலவுக்கென்று எடுத்துவைத்த பணத்தில்
தார்ப்பாய் வாங்கினோம். நீல நிறம்.
இப்போதும் பரணில் இருக்கிறது.

உனக்குத் தை பிறந்தால் நெல்தான்.
சாக்கு, சணல், எடைமேடை,
ஈரப்பதம் பார்க்கும் அந்தச் சின்னப் பெட்டி.
பதினேழைத் தாண்டினால்
"காயவச்சுக் கொண்டாங்க" என்பாய்.
சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டாய்.
இப்படிக்கு, மா. குணசீலன், பட்டியல் எழுத்தர் என்று
மூன்று முறை விடுப்பு எழுதினாய்.
மூன்று முறையும் மழை.

உன் அம்மாவிடம் வேளாங்கண்ணி என்று சொல்லலாம் என்றாய்.
என்ன வேண்டுதல் என்று கேட்டால்?
அதை நீ யோசி என்றாய்.

வியாழக்கிழமை எனக்கு ஓய்வு,
யார் ரத்தத்தையும் குழாயில் ஏற்றாத ஒரே நாள்.
அறையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.
போட்டோவில் எல்லாக் கட்டிலும் அழகுதானே.

அகஸ்தியன்பள்ளி வந்ததும்
பஸ்ஸுக்குள் வெளிச்சம் ஏறியது.
இருபக்கமும் உப்பு.
சதுப்பின் விளிம்பில் ரோஸ் நிறத்தில் ஒரு கீற்று;
பூநாரைகளா, என் கண்ணாடி அழுக்கா, தெரியவில்லை.
"தனியாவா?" என்றார் கண்டக்டர்.
"இப்போதைக்கு" என்றேன்.

அறை பரவாயில்லை.
மின்விசிறி மூன்றில் ஓடும், இரண்டில் முனகும்.
சன்னலுக்குக் கொக்கி இல்லை.
வெந்நீர், சொன்னால் வாளியில் வரும்.
பாக்கியமேரி அம்மா நோட்டை நீட்டினார்.
எத்தனை பேர் என்ற கட்டத்தில் இரண்டு என்று எழுதினேன்.
அவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.
ஐந்நூறு கொடுத்தேன்.

அவர் கீழே இறங்கியதும்
நீ படுக்கப்போகும் பக்கத்தில் ஐந்து நிமிஷம் படுத்துப் பார்த்தேன்.
அங்கிருந்து கலங்கரை விளக்கம் தெரிகிறது.
என் பக்கத்திலிருந்து சுவர்.
அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

இதுவரை உன்னிடம் சொன்னது.
சொல்லாதது:

திரும்பும் பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.
வடக்கேயிருந்து வரும் கரை அங்கே
மேற்கே மடங்குகிறது, முழங்கை மாதிரி.
அந்த முழங்கையில் உட்கார்ந்தேன்.
செல்லில் சிக்னல் இல்லை.
ஒரு குதிரைக்குட்டி வந்து பார்த்தது,
என்னிடம் ஒன்றும் பெயராது என்று புரிந்து போயிற்று.
சிரித்தேன், சத்தமாக.
ஆளில்லாமல் சிரித்து எவ்வளவு நாள் என்று
எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டேன்.
உன் நினைவு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.
குற்றவுணர்ச்சி, அதற்கும் பிறகு.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டாய்:
"கடல் எப்படி இருந்துச்சு?"
"பாக்கல. சேந்து பாத்துக்கலாம்னு வந்துட்டேன்."

தலையாட்டினாய்.
தட்டு கழுவப் போனவன்
வாசலில் என் செருப்பருகே நின்றாய்.
ஒன்றை எடுத்துத் தட்டினாய்.
உள்ளங்கையில் விழுந்த மணலை
விவசாயி நீட்டும் நெல்லைப்போல
விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாய்.
ஊதிவிட்டு உள்ளே வந்தாய்.

காலையில், ரசீதின் பின்பக்கம்
ஒரு வரி கூடியிருந்தது:
இரண்டாம் நாள், மூணுலேர்ந்து அஞ்சு வரைக்கும்
நான் தூங்கிடுவேன்.

நீ பகலில் தூங்கி
நான் பார்த்ததே இல்லை.