மான்விழி, பத்து இலக்கம்

லொரேன் ஸ்குபின்ஸ்கி மனுவில் எழுதினாள்:
கண்ணாடிக் கண். இமை இல்லை.
விட்டம் முப்பது மில்லிமீட்டர்.
பாடம் செய்த மானுக்கு மட்டும்;
மனிதருக்கோ பொம்மைக்கோ பொருந்தாது.

வேறெதுவும் நுழையாதபடி
சொல்லை இறுக்கக் கட்டச் சொல்லியிருந்தார் வக்கீல்.
மான்விழிக்குச் சுங்கப் புத்தகத்தில் பத்து இலக்கம்.
கேட்பது மூன்றே வருடம்,
ஆறரை சதவீதம் பூச்சியமாக.

நிபந்தனை ஒன்றுதான்:
அமெரிக்காவில் இதை வேறு யாரும் செய்யக்கூடாது.
விசாரித்தாள். யாரும் இல்லை. கையெழுத்திட்டாள்.

அவகாசம் முடிய இரண்டு நாள் இருக்க
மொன்டானாவிலிருந்து வெண்டல் ஹாகனின் ஆட்சேபம்.
நகலோடு, பஞ்சில் பொதிந்து,
அவர் கொட்டகையில் ஊதிய ஒற்றைக் கண்.

கொஞ்சம் கோணல். உள்ளே ஒரு குமிழி.

விஸ்கான்சின் பட்டறையில்,
பாதி முடிந்த மானின் குழியில் பொருத்திப் பார்த்தாள்.
ஜெர்மனியிலிருந்து வந்ததெல்லாம் தூரத்தையே பார்க்கும்.
இது அவளைப் பார்த்தது.