சரிவு

பார்சல் பெட்டியில் கழற்றிய பைன் கட்டை.
டாக்சியை நிறுத்திவிட்டு ஏறி வரும்போது
இரவு பதினொன்று. ஆதிரை தூங்கவில்லை,
உப்புத்தாளை மடித்து வைத்திருந்தாள்.

மூக்கைச் சாய்வாய் இழைத்தோம்.
சக்கரங்கள் மருந்து பாட்டில் மூடிகள்,
ஒன்று மட்டும் பச்சை.
அச்சுக்குக் குடைக்கம்பி.

நூற்றைம்பது கிராம் தாண்டக் கூடாதாம் பள்ளியில்.
மஞ்சுநாத் தன் தராசிலிருந்து
கொத்தமல்லியை எடுத்துவிட்டு வைத்தார்:
நூற்றுப் பதினெட்டு.
"சொல்ப கம்மி" என்றார்,
வெங்காயம் நிறுக்கிற அதே முகம்.
வயிற்றைக் குடைந்து
இரண்டு நட்டு புதைத்தோம்.

"பிரேக் எங்கே வைக்கலாம்?" என்றேன்.
விழுந்து விழுந்து சிரித்தாள்.
"ஐயோ அப்பா, இது ரேஸ் கார்!"

சில்க் போர்டு சிக்னலில்
பன்னிரண்டு வருஷமாய்
இந்த வலது காலுக்கு வேறு வேலையில்லை,
அதனால் கேட்டேன்.

ஞாயிறு காலை, லிங்கராஜபுரத்தில்
பால் வண்டி போனபின் காலியான சந்து.
மேட்டில் அவள். கீழே நான், பிடிக்க.

விட்டாள்.
முதலில் கொஞ்சம் இடது பக்கம் இழுத்தது
(நான் தேய்த்த பக்கம்)
பிறகு நேராகி
ஒரே பாய்ச்சல்.

கை நீட்டியிருக்கிறேன்.
வெறும் தரையை
அழுத்திக்கொண்டிருக்கிறது
என் செருப்பு.