ஓவர்ரைம்

குருநகர் ஐஸ் கொம்பனியில் எனக்கு இரவு வேலை.
இங்கே விடிய நாலரை என்றால்
அங்கே பின்னேரம் ஏழு.
கணக்குக் கொப்பியில் போனைச் சாய்த்து வைத்தேன்.
எட்டுக் கல்லூரிகள் அடிபட்டு
இரண்டு மிஞ்சிய கடைசி ஆட்டம்.
தங்கச்சியின் மகள் லிடியா
கோல் காக்கிறாள்.

பெயர் அவள் முதுகில் கொள்ளவில்லை.
சந்தியாப்பிள்ளை என்ற எழுத்துகள்
ஒரு தோளில் ஏறி மறு தோளில் இறங்குகின்றன,
வாடியில் கவிழ்த்துப் போட்ட வள்ளம் மாதிரி.
வர்ணனைக்காரன் அதை மூன்று துண்டாக உடைத்தான்,
ஒரு துண்டைத் தவறவிட்டான்,
அடுத்த முறை
முப்பத்தொன்று என்று
இலக்கத்தைச் சொல்லித் தப்பிக்கொண்டான்.

விதிகள் எனக்கு முழுக்க விளங்காது.
பிழை விட்டவளை இரண்டு நிமிடம்
கண்ணாடிக் கூட்டுக்குள் இருத்துகிறார்கள்.
"அதுக்குப் பிறகு?" என்றான் கபிரியேல்.
பிறகென்ன, கதவு திறக்கும்,
வந்து விளையாடலாம்.
"விசாரணை?"
இல்லை.
"நல்ல நாடு" என்றான்,
கொழுவியால் ஒரு பாரைக் குத்தி இழுத்தபடி.

எங்கள் ஐஸ் வேறு இனம்.
உப்புத்தண்ணித் தொட்டிக்குள்
ஒரு பகலும் ஓர் இரவும் தகரத்தில் நின்று பிறப்பது.
நடுவில் வெள்ளை நரம்பு ஓடும்,
அமோனியா மணக்கும்.
ஈரச் சீமெந்தில் தள்ளிவிட்டால்
சுவர்வரை தானே போகும்.
அதன்மேல் ஆரும் நிற்பதில்லை.
றெமீசியஸ் ஒருக்கால் நின்று பார்த்தான்,
பல்லு ரண்டு போனது.

லிடியாவுக்குப் பதினொரு வயதில்
ஒரு ஓகஸ்ட் மாதம் வந்தாள்.
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு
இந்தக் குளிர்த் தரையில் கனநேரம் நின்றாள்.
"மாமா, இவ்வளவு ஐஸையும்
மீனுக்கா குடுக்கிறீங்கள்?"

கறுத்த றப்பர் வட்டு. எனக்கு அது தெரிவதே இல்லை.
அவள் உடம்பு விழுவதை வைத்துத்தான்
எங்கே வந்ததென்று அறிந்தேன்.
முழங்கால், கை, ஒருமுறை முகமூடி.
முகமூடியில் பட்ட சத்தம்
போனுக்குள் சின்னதாக,
தகரப் பேணியில் கல்லெறிந்தது போலக் கேட்டது.
எழும்பினாள்.
தலையை ஆட்டித் தண்ணீர் குடித்தாள்.

மூன்று பகுதியும் முடிந்து ஒன்றுக்கு ஒன்று.
இனி மேலதிக நேரம்,
முதல் கோலோடு முடிவு.
எனக்கும் ஆறு மணிக்கு மேலே ஓவர்ரைம்தான்,
மணிக்கு இவ்வளவு என்று
முதலாளி எழுதித் தந்திருக்கிறார்.
அவளுக்கு ஆர் எழுதித் தந்தது?

கரையில் வள்ளங்கள் அணைந்துவிட்டன.
கூறியான் விளைமீனுக்கு விலை ஏத்திக்கொண்டிருந்தான்,
போனுக்குள் சனம் கத்திக்கொண்டிருந்தது,
எது எந்தச் சத்தமென்று
கொஞ்சநேரம் பிரிக்க முடியவில்லை.
அப்போதுதான் கொழும்பு லொறி
ஹோர்ன் அடித்தது.
நாற்பது பார்,
அரைத்துக் கொட்ட வேண்டும், உடனே.

அரைக்கிற மெஷின் முன்னால்
தேவமாதாவைக் கூப்பிட்டாலும் எனக்கே கேளாது.
கூப்பிட்டேன்.

திரும்பி வந்தபோது படம் நின்றுபோயிருந்தது.
வெள்ளைத் தரை முழுக்க
கையுறைகள், தடிகள், தொப்பிகள்,
ஆட்கள் இல்லை.
ஏதோ நடந்துவிட்டது என்று
நெஞ்சு ஒருக்கால் இடறியது.
ஓடித் தப்பின சனம் விட்டுப்போன சாமான்
அப்படித்தான் கிடக்கும்,
பார்த்திருக்கிறேன்.

வென்றவர்கள் எறிவார்களாம், சந்தோசத்தில்.
தங்கச்சி பிறகுதான் சொன்னாள்.
"எறிஞ்சது மற்றப் பக்கம், அண்ணா.
ஐம்பத்திரண்டு மறிச்சவள்.
ஒண்டு காலுக்கிடையால போட்டுது."
பிள்ளை அழுததோ என்று கேட்டேன்.
வியர்வையோ கண்ணீரோ,
இங்கயிருந்து பார்க்கத் தெரியேல்ல என்றாள்,
அவளும் போனில்தானே பார்த்தவள்.

லொறிக்குப் போன கணக்கை
கொப்பியில் ஐம்பத்திரண்டு என்று எழுதியிருந்தேன்.
கபிரியேல் எட்டிப் பார்த்து
"பன்னிரண்டு கூட" என்றான்.
வெட்டி நாற்பது என்று எழுதினேன்,
வெட்டினது வாசிக்கக்கூடியதாக
ஒரே ஒரு கோடு.
வெளியே வெய்யில் ஏறியிருந்தது.
மீன்பெட்டிகளின் அடியால்
தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது.