எட்டுக் குதிரை

குதிரையை யாரும் நேரில் பார்த்திராத தீவில்
எத்தனை குதிரை என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

முப்பது வாங்கு என்றான் அண்ணன் ஊங்காக்.
அவன் படகு நீளம். ஏற்றி இறக்க இரண்டு மகன்கள்.
பிபியானே கேட்டது ஒன்றுதான்:
எடை எவ்வளவு?

பனிவிளிம்பில் படகை ஏற்றும்போது
மோட்டாரைக் கழற்றித் தூக்க அவள் ஒருத்திதான்.
கடைக்குள்ளேயே கட்டிப்பிடித்துத் தூக்கினாள்,
வாசல்வரை நடந்தாள், திரும்பி வந்தாள்.
கடைக்காரன் டேனிஷில் என்னவோ முனகினான்.
இருபத்தேழு கிலோ. பழசு. டூ ஸ்ட்ரோக்.
ப்ரொப்பெல்லரில் ஓர் இதழ் மூளி.
போதும் இது.

அன்றிலிருந்து
கரையொதுங்கிய பனிப்பாறையை வெட்டி
அடுப்பில் உருக்கி நீலப் பீப்பாயில் ஊற்றி
உப்புப் போக ஓடவிடுகிறாள்,
தேநீருக்கும் முன்னால்.
பக்கத் துளையில் பென்சில் பருமனுக்கு
நீர் பீய்ச்சவேண்டும். விரல் நீட்டிப் பார்க்கிறாள்.
ஒருநாள் அது நூலாய் மெலிந்தது;
விளக்கைப் பல்லில் கடித்தபடி
அன்றிரவே இம்பெல்லரை மாற்றினாள்.

மாற்று ஸ்பார்க் பிளக்குகள் சட்டைக்குள்,
தோட்டாக்களுக்குப் பக்கத்தில்.

இத்தனையும்
சரியான இடத்தில் அணைப்பதற்குத்தான்.
பெட்ரோல் வாடையைக் காற்று கொண்டுபோகும்வரை
அசையாமல் இருக்கிறாள்.
சீல் ஒன்று தலை தூக்குகிறது,
மீசையோடு, ஈரமாய், அவளையே பார்த்து.

நேற்று குறி தவறியது.
வட்டம் வட்டமாய் வெறும் அலை.
துப்பாக்கியைக் கிடத்திவிட்டுக் கயிற்றை இழுத்தாள்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் இருமிக்கொண்டு எழுந்தது.

கரையில் ஊங்காக்கின் முப்பது
மூடி திறந்து கிடந்தது.
பிளக் இருக்குமா என்றான்.
சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள்.
சேருமா?
தெரியாது. சூடு ஆறுவதற்குள்
போட்டுப் பார்.