முப்பத்தெட்டு வெள்ளி

ஏலத்துக்கு முந்தின நாள்
பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு
வேனை அந்த வீட்டெதிரே நிறுத்தினேன்.
பஹாவ், தாமான் செரோஜா, கடைசி வரிசை.
பின்னால் செம்பனை.
கூரையில் இரண்டு ஓடு வேறு நிறம்.
பூட்டைத் திறக்க வங்கி விடாது.
பூசணிக்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல்
ஜன்னலைத் தட்டிப் பார்த்தேன்.
உள்ளே ஒன்றும் இல்லாத சத்தம்.

விலை கேட்க எனக்கு எதிரே
ஒரே ஒரு கை எழுந்தது.
சிரம்பான் ஆள், தங்கக் கடிகாரம்.
ஒரு லட்சத்து நாலாயிரத்தில்
கடிகாரம் கீழே இறங்கிவிட்டது.
மூன்றாவது தட்டு
மேசையில் விழுந்ததா என் வயிற்றிலா,
தெரியவில்லை.

அப்பா நாற்பத்தோரு வருஷம்
கம்பெனி வீட்டில் இருந்தார்.
வாடகை கொடுத்ததில்லை.
வீடும் இருந்ததில்லை.
தோட்டம் கைமாறியபோது வந்த பணத்தை
அவர் எண்ணிய மாதிரியேதான்
நானும் எண்ணினேன்,
எச்சில் தொடாமல், இரண்டு தரம்.

தவணை ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
வாடகை அறுநூற்று முப்பது.
மிச்சம் முப்பத்தெட்டு வெள்ளி.
வருஷத்தில் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும்,
அதையும் கழி என்றான் தம்பி நெடுமாறன்.
கழித்தேன்.
வீட்டு வரியையும் கழி என்றான்.
அதற்குப் பிறகு அவனை நான் கேட்கவில்லை.
வக்கீலுக்கும் முத்திரைக்கும்
வேன் டயருக்கு வைத்திருந்த பணம் போனது.
மழையில் மெதுவாக ஓட்டினேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.

அந்த வாசல் எனக்குப் புதிதில்லை.
காலை ஆறே காலுக்கு
இரண்டு தரம் ஹாரன் அடிப்பேன்.
தணிகாசலத்தின் பிள்ளைகள் ஓடி வருவார்கள்.
சின்னவள் கையில் கடித்த ரொட்டி,
பின் இருக்கை, ஜன்னல் ஓரம்.
மூன்று மாதம் வேன் பணம் நின்றது.
ஒரு திங்கட்கிழமை பிள்ளைகள் நின்றார்கள்.
நான் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தேன்,
பக்கத்து வீட்டுச் சீனத்தி வந்து
கையை விரிக்கும் வரை.

வீடு கைக்கு வந்த அன்று
கதவிடுக்கில் தண்ணீர் பில்,
அவர் பேரில், இருநூற்றுப் பதினான்கு.
கட்டினேன். கட்டாமல் குழாய் திறக்காது.
என் நோட்டில் அவர் பேருக்கு நேரே இருந்த
இருநூற்று நாற்பதைக் கோடு போட்டு அடித்தேன்.
அதைப் பெருந்தன்மை என்று
யாரும் சொல்லிவிடக் கூடாது.

குடி வந்தவள் ரோஹாயா,
கிளினிக்கில் தாதி, கிளந்தான்காரி.
ஐந்தாம் தேதி வாடகை.
ஐந்து போனது, ஆறு, ஏழு.
கைப்பேசியில் எழுதினேன், அழித்தேன்.
'சாப்பிட்டாச்சா' என்று மலாயில் அனுப்பினேன்.
ஒன்பதாம் தேதி பணம் வந்தது.
பத்தாம் தேதி குளியலறைக் குழாய் வெடித்தது.
ஆ லெங் எண்பத்தைந்து வாங்கினான்.
முதல் மாத லாபம்
நாற்பத்தேழு வெள்ளி, என் கையிலிருந்து.

நேற்று அந்த வரிசையில் திரும்பினேன்.
அடுத்த வீட்டில் புதிதாக ஒரு பையன்,
அவனை ஏற்றத்தான் போனேன்.
கை அதுபாட்டுக்கு
இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டது,
என் வீட்டு வாசலில்.

திரை விலகியது.
ரோஹாயா தலைத்துணியைச் சரிசெய்தபடி
செருப்பில்லாமல் வெளியே வந்தாள்.
"புவான், ஐந்தாம் தேதிதானே?"

தேதி இருபது.
இல்லை, சும்மா, என்றேன்.
அவள் உள்ளே போகவில்லை.
நான் கியரைத் தேடினேன்.