இருபத்தாறு எழுத்து

கழனிவாசல் திருப்பத்தில் ஒரு செவலை நாய்.
இரத்தம் வரவில்லை, கீறல்தான்.
சகாயமேரி சிஸ்டர் விடவில்லை.
இரண்டு தோளிலும் ஊசி:
இன்று, மூன்றாம் நாள், ஏழு, இருபத்தெட்டு.
"நாயைப் பத்து நாள் பாத்துக்கிட்டிரு, உமையா.
அது உசிரோட இருக்கணும்."

பகலெல்லாம் நான் ஆய்வுக்கூடத்தில்
எலியின் மண்ணீரலோடு.
எதிர்ப்பொருள் சுரக்கும் செல்
தன் நெருக்கடியை எப்படித் தாங்குகிறது
என்பது தலைப்பு. நான்கு வருடம்.
என் நெருக்கடிக்கு நிதி ஒதுக்க ஆளில்லை.

ஏழாம் நாள் இரவு ஜெல் ஓடிக்கொண்டிருந்தது.
வலது தோள் கனத்தது.
சும்மா கிடந்த செல் ஒன்று உள்ளே
நொடிக்கு ஆயிரக்கணக்கில் புரதம் மடித்தாக வேண்டும்.
வலைக்குள் மடியாத சங்கிலிகள் முட்டும்.
சுவரில் நிற்கும் காவல் புரதம் கூச்சலிடாது.
ஒரு கடிதத்தை எடுத்து
நடுவே இருபத்தாறு எழுத்தை நறுக்கும்;
மிச்சத்தை ஒட்டவிடும்.

நெருக்கடியில் முன் மூன்றெழுத்து உதிர்ந்தால் கடி.
அது விளையாட்டு.
மூன்று மூன்றாகவே படிக்கிற இடத்தில்
மூன்றால் வகுபடாத இருபத்தாறு போனால்
அதற்கப்புறம் எல்லாமே வேறாய்ப் படியும்.
அந்த வேறு வாசகம் சொல்வது:
இடத்தைப் பெரிதாக்கு.

ஜன்னலுக்கு வெளியே மண்டபம்.
நாளை மறுநாள் கல்யாணம்.
சமையல்கட்டு போதாமல்
பின்னால் தகரப் பந்தல் இழுத்து
ஏழு அடுப்பு கூடுதலாய் மூட்டிப்
பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.
ஒரு விருந்தாளி வரவில்லை இன்னும்.
செல்லும் இப்படித்தான்,
பாரம் வருமுன்பே பந்தல் போடும்.
அதற்கு யார் சொன்னது என்ற பக்கம்
என் ஆய்வேட்டில் காலியாக இருக்கிறது.

பந்தல் எழாவிட்டால்
செல் தன்னையே முடித்துக்கொள்ளும்.
எழுந்தாலும் பல செல்கள்
வேலை முடிந்ததும் சாகும்.
சில மட்டும் எலும்பு மஜ்ஜைக்குப் போய்
ஓரமாய் உட்கார்ந்து
சுரந்துகொண்டே இருக்கும்.

பத்தாம் நாள் காலை நாயைத் தேடிப் போனேன்.
மண்டபத்துப் பின்பக்கம்
எச்சில் இலைக்கு நடுவே
வயிறு புடைத்துப் படுத்திருந்தது.
என்னை ஞாபகமில்லை அதற்கு.
வாலை ஒருமுறை ஆட்டியது, மரியாதைக்கு.

சீட்டில் இருபத்தெட்டைக்
குறுக்கே கோடிட்டு அடித்தார் சிஸ்டர்.

விருந்தாளி வரவில்லை என்று
உள்ளே எரியும் அடுப்புக்கு
யார் போய்ச் சொல்வது?